புதிதாய் வாங்கிய பெட்டூனியாவும் முதல் பத்து நாட்களும்

கார்த்திகை மழை சற்று ஓய்ந்ததும் நகரத்துச் செடிப் பண்ணைகளில் பெட்டூனியா விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் புனல் வடிவில் பூத்து நிற்கும் இச்செடியைக் கண்டு, சந்தைக்குச் சென்ற அங்கத்தினர்கள் ஒன்றிரண்டு வாங்கி வருவது இயல்பே. ஆயின் அவற்றுள் பல, தை பிறக்குமுன் எருக்குழியைச் சேர்ந்துவிடுகின்றன. கவனிப்புக் குறைவே காரணம் என்று கூறுவதற்கில்லை. முதல் பத்து நாட்களில் காட்டும் மிகையான கவனிப்பே பெரும்பாலும் செடியைக் கொல்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

பண்ணையிலே இச்செடி தேங்காய் நார்க்கழிவில், நிழல்வலையின் கீழ், அளந்த நீரும் அளந்த உரமும் பெற்று வளர்கின்றது. நம் இல்லத்திற்கு வந்த அன்றே வெயில், காற்று, தண்ணீர் யாவும் ஒருங்கே மாறிவிடுகின்றன. மாலையில் இலை சற்றுத் துவளும். அதைக் கண்டு மனம் பொறாதவர்கள் காலையும் மாலையும் நீர் ஊற்றுவர். நார்க்கழிவோ மேலே உலர்ந்து தோன்றினும் உள்ளே ஈரம் தேக்கி வைத்திருக்கும். நீரின்றி வாடிய செடியும், நீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் தவறு மேலும் வளர்கிறது. ஆதலால் விரலை ஓரங்குலம் உள்ளே செலுத்திப் பார்த்து, ஈரமில்லையெனில் மட்டும் காலையில், இலை மேல் படாமல் அடியில் ஊற்றுக.

முதல் மூன்று நான்கு நாட்கள் இளவெயில் போதும். பின்னர் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். தறிக்கூடத்துச் சன்னலோரத்தில் வைத்தால் கண்ணுக்கு இனிமைதான். ஆனால் தண்டு நீண்டு பூ அருகிப்போகும்.

ஒரு வாரம் சென்றபின் ஒரு மாலைப்பொழுதில், அடியில் துளையுள்ள எட்டு அல்லது பத்தங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், மக்கிய தொழுவுரம், நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து இடுக. அச்சமயம் கிளை நுனிகளைக் கிள்ளிவிடுதல் நலம். பூவுக்காக வாங்கிய செடியின் பூவையே கிள்ளுவதா என்று இல்லத்தில் வினவுவர். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளைகள் புறப்படுவதைக் கண்டபின் வினவமாட்டார்கள். வாடிய பூவை அகற்றும்போது இதழை மட்டும் உருவினால் பயனில்லை. அடியிலுள்ள சிறு காயையும் சேர்த்து நறுக்க வேண்டும். இன்றேல் செடியின் வலு விதைக்கே சென்றுவிடும்.

நம் ஊர்களில் இதற்கு வேறொரு இடையூறும் உண்டு. பெட்டூனியா சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை நாள்தோறும் ஊற்றினால் மண் காரத்தன்மை அடைந்து, இரும்புச்சத்து அதில் இருந்தும் வேருக்கு எட்டாமற் போகிறது. இளந்தளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்பது இதன் அடையாளம். இதற்கு மேலும் உரமிடுவது வீண் செலவு. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே சிறந்தது. முடியாதவர்கள் உரக்கடையில் செலேட் இரும்பு வாங்கிக் குறித்த அளவில் இடலாம். சாயம் தோய்த்து மீந்த நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றும் நெசவாளர்களும் உள்ளனர். உப்பும் சோடாவும் கலந்த அந்நீர் எந்தச் செடிக்கும் ஆகாது.

இனி, இச்செடியின் உறவுமுறையையும் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதற்கு, அங்குள்ள பழங்குடிகள் புகையிலைக்கு வழங்கிய பெயரைத் தழுவியே 1803-ல் பிரெஞ்சு நாட்டுத் தாவர அறிஞர் ஜூசியூ பெயரிட்டார். புகையிலை, கத்தரி, தக்காளி, மிளகாய் யாவும் இதன் குடும்பமே. புகையிலையைத் தாக்கும் தேமல் நோய்க் கிருமி காய்ந்த இலையிலும் உயிரோடு தங்கி, பீடியும் வெற்றிலைப் புகையிலையும் தொட்ட கையின் வழியே பெட்டூனியாவுக்குத் தொற்றும். எனவே நுனி கிள்ளுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுக.

சமவெளியில் பங்குனி வெயில் ஏறியதும் செடி தளர்ந்துவிடும். உதகை போன்ற குளிர்ந்த மலைகளில்தான் கோடையிலும் பூக்கும். தளர்ந்த செடியைப் பிடுங்கியபின் தொட்டி மண்ணைக் கீரைக்கோ வெண்டைக்கோ பயன்படுத்தலாம். கத்தரி, மிளகாய் நாற்றுக்கு மட்டும் வேண்டாம்.