ஒன்றுமே நடக்காததற்கும் ஒரு விழா… தெரியுமா?

ஊரில் குடியிருப்பவர்களே சுமார் 2,600 பேர்தான். அந்த ஊர் மைதானத்தில் ஜூன் மாதம் நாலு நாள், தினம் 10,000 பேர் வரை உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள் தெரியுமா? வீட்டுக்காரர்களைவிட விருந்தாளிகள் நாலு மடங்கு!

ஊர் பெயர் டெல்யூரைட். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 2,667 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்தான மலை. தார்ச்சாலை என்று ஊருக்குள் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழிதான். நீளவாக்கில் பன்னிரண்டு தெரு, அகலவாக்கில் எட்டுத் தெரு, ஊர் முடிந்தது. கடைக்கோடியில் பிரைடல் வெய்ல் அருவி 111 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிறது. அருவியின் உச்சியில், பாறை விளிம்பை ஒட்டி, யாரோ வீட்டைக் கட்டிவிட்டு இறங்க மறந்துபோனதுபோல் ஒரு கட்டடம் தெரியும். அது வீடு இல்லை. 1907-இல் கட்டிய மின்நிலையம்!

பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. டெல்யூரியம் என்ற தனிமம் சில இடங்களில் தங்கத்தோடு கலந்து கனிமமாகக் கிடைக்கும். அந்த ஆசையில்தான் ஊருக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள். வெள்ளி கிடைத்தது, தங்கமும் கிடைத்தது. பெயருக்குக் காரணமான அந்தக் கனிமம் மட்டும் அந்தப் பக்கம் கிடைக்கவே இல்லை!

தங்கம் இருந்தால் திருடன் வராமல் இருப்பானா? பின்னாளில் ஹாலிவுட் படமாகவே ஆகிவிட்ட கொள்ளைக்காரன் புட்ச் காசிடி, 1889 ஜூன் 24 அன்று இந்த ஊர் வங்கியில்தான் 20,000 டாலருக்கு மேல் அள்ளிக்கொண்டு குதிரையில் பறந்தான். இரண்டே வருஷத்தில் இன்னொரு அதிசயம். பக்கத்தில் உள்ள ஏம்ஸில் மின்நிலையம் அமைத்து, மாறுமின்சாரத்தைக் கம்பி வழியாக நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த சுரங்கத்துக்கு அனுப்பி இயந்திரம் ஓட்டினார்கள். மின்சாரமே இன்னும் புதுமையாக இருந்த காலம் அது!

சரி, விழாவுக்கு வருவோம். 1970-களில் சுரங்கத்தொழில் தேய ஆரம்பித்தது. 1972-இல் பனிச்சறுக்குக் களம் திறந்தார்கள். பனி உருகிய பிறகு? 1974 என்ற ஒரே வருஷத்தில் இசை விழா, திரைப்பட விழா, மலை ஓட்டம் என்று மூன்றும் பிறந்தன. மூன்றும் ஐம்பது வயதைத் தாண்டியும் இன்னும் நடக்கின்றன. அந்த வருஷம் ஊர்த் தண்ணீரில் என்ன கலந்திருந்ததோ!

வருஷாவருஷம் மே கடைசி வாரக் கடைசியில் பந்தல்கால் நட்டமாதிரி ஆரம்பிப்பது மவுண்டன்ஃபிலிம். 1979-இலிருந்து நடக்கும் ஆவணப்பட விழா. மலையேற்றம், சுற்றுச்சூழல் என்று போகும். ஜூனில், பகல் மிக நீளமாக இருக்கும் நாட்களையொட்டி, புளூகிராஸ் இசை விழா. பான்ஜோ, மாண்டலின், ஃபிடில் என்று தந்திக் கருவிகளின் ராஜ்ஜியம். காலையில் வாசல் திறந்ததும் நடக்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயசு வித்தியாசம் இல்லாமல் மேடையை நோக்கி ஓடுகிறார்கள். புல்லில் விரித்துவிட்டால் அந்த நாலு மூலையும் அன்றைக்கு அவர்களுடையது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. மாண்டலின் கலைஞர் சாம் புஷ் 1975 முதல் இங்கே வந்து வாசிப்பவர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டமே ‘டெல்யூரைட்டின் ராஜா’!

ஆகஸ்டில் காளான் விழா! 1981-இலிருந்து நடக்கிறது. கூடையோடு காட்டுக்குள் போய்க் காளான் பொறுக்குவார்கள். எது தின்னலாம், எது ஆளைத் தின்றுவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. சிவப்புக் குடைமேல் வெள்ளைப் புள்ளி வைத்த தொப்பி, தரைவரை பாவாடை என்று காளான் வேஷம் கட்டிக்கொண்டு பெரியவர்களும் குழந்தைகளும் கடைவீதியில் ஊர்வலம் போகிறார்கள்.

விழாவுக்கு வந்தவர்கள் மேலே போய்வரவும் செலவில்லை. ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் மவுண்டன் வில்லேஜ் என்ற பக்கத்து ஊருக்கு 13 நிமிஷத்தில் கொண்டுபோய் விடும் கம்பிவடப் பெட்டிக்கு டிக்கெட் கிடையாது தெரியுமா? 1996-இலிருந்து இலவசம். டவுன் பஸ் மாதிரி வேலைக்குப் போகிறவர்களும் ஏறுகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டும் ஏறலாம்.

செப்டம்பர் பிறக்கும் சமயத்தில் திரைப்பட விழா. என்ன படம் போடுகிறார்கள் என்று கடைசி நாள்வரை மூச்சு விடமாட்டார்கள். டிக்கெட் வாங்கி, விமானம் ஏறி, மலையும் ஏறி வந்த பிறகுதான் பட்டியலே கைக்கு வரும்! அப்படித்தான் 2008 ஆகஸ்ட் 30 அன்று இந்த மலையூரில் ஒரு படத்தை உலகத்திலேயே முதல்முறையாகத் திரையிட்டார்கள். சில மாதங்களுக்கு முன்வரை, தியேட்டருக்கே வராமல் நேராக டிவிடிக்குப் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த படம் அது. பெயர் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’. ஆம், ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கித் தந்ததே, அதேதான். அவர் ஆஸ்கர் மேடையில் தமிழில் பேசியது நமக்கு மனப்பாடம். அந்தப் பயணம் புறப்பட்ட ஊர் எது என்று யாராவது சொன்னார்களா?

எனக்கு அதைவிடப் பிடித்த கதை 1979-இல் நடந்தது. பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் 1927-இல் எடுத்த ‘நெப்போலியன்’, துண்டு துண்டாகிக் கிடந்த மௌனப்படம். அதைத் தேடித் தேடிச் சேர்த்து ஒட்டியவர் கெவின் பிரவுன்லோ. ஏறக்குறைய ஐந்து மணி நேரப் படம். கடைசிக் காட்சி மூன்று திரைகளில் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும். அத்தனை அகலத்துக்கு ஊரில் கொட்டகை ஏது? திறந்தவெளியில் போட்டுவிட்டார்கள். மலைக் குளிரில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, நடுநிசி தாண்டியும் ஜனங்கள் பார்த்தார்கள். கான்ஸுக்கு அப்போது 89 வயது. ஷெரிடன் ஹோட்டல் அறையின் ஜன்னலோரம் நின்று, அரை நூற்றாண்டுக்கு முன் தான் எடுத்த படத்தை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்!

திரைப்பட விழா முடிந்த அடுத்த வாரமே மலை ஓட்டம். பக்கத்து ஊரான ஊரேயில் தொடங்கி, 3,997 மீட்டர் உயரமுள்ள இமோஜீன் கணவாயில் ஏறி டெல்யூரைட்டில் இறங்க வேண்டும். 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்று மெலிந்த அந்த உயரத்தில் எனக்கு நடக்கவே மூச்சு வாங்கும். அந்த மாதமே புளூஸ் இசையும் பீரும் கலந்த இன்னொரு விழாவும் உண்டு. அதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

விழாவுக்கு மட்டும்தான் இவர்கள் ஒன்று சேர்வார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு முகப்பில் 570 ஏக்கர் புல்வெளி. அங்கே கட்டடம் வந்துவிடக் கூடாது என்று நகராட்சி கோர்ட்டு வரை போனது. நிலத்தின் விலை 5 கோடி டாலர்! நன்கொடை திரட்டிக் கட்டினார்கள். 2008-இல் மாநில உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள். இன்று அங்கே எல்க் மான்கள் மேய்கின்றன.

இத்தனை விழாவையும் ஒரு சின்ன ஊர் தாங்குமா? தாங்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் நகராட்சிக்குப் போய், ஜூலையில் ‘ஒன்றுமில்லா விழா’ நடத்த அனுமதி கேட்டார். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, விருந்தாளி கிடையாது. நிகழ்ச்சி நிரல் மட்டும் தடபுடலாகப் போட்டார்கள்: சூரியன் வழக்கம்போல் உதிக்கும், வழக்கம்போல் மறையும், புவியீர்ப்பு விசையும் தொடர்ந்து செயல்படும். கீழே மறக்காமல் ஒரு நன்றியறிவிப்பு. கலந்துகொள்ளாதவர்களுக்கு!