எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடும் என் பழைய கார், 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. வெளியே கசிவு இல்லை. ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாஃப்கட்’ எஞ்சினை மாற்றிவிடச் சொன்னார்கள் நண்பர்கள். அதன் உள்தேய்மானம் யாருக்குத் தெரியும்? இருப்பதையே ஓவர்ஹால் செய்ய முடிவெடுத்தேன்.

பணம் கட்டுமுன் எண்ணெய் எந்த வழியில் எரிகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வு சீல்தான்; செலவு குறைவு. வேகமெடுக்கும்போது புகைந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். கம்ப்ரஷனை அளந்து, சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

கரி படிந்து எண்ணெய் ரிங் மட்டும் இறுகினாலோ, கம்ப்ரஷன் சரியாகவே காட்டும். அப்போது எண்ணெய் குறையும் அளவுதான் சாட்சி. அமெரிக்காவில் 2007–2009 கேம்ரி 2.4 லிட்டர் கார்களைச் சோதித்த டொயோட்டா, 1,200 மைலில் (சுமார் 1,900 கிலோமீட்டர்) ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தவற்றுக்குக் குறிப்பிட்ட காலம்வரை பிஸ்டனையும் ரிங்கையும் இலவசமாக மாற்றித் தந்தது.

என் காரில் ரிங் தேய்ந்திருந்தது. சிலிண்டர் சுவர் நல்ல அளவில் இருந்ததால், ஹோனிங் செய்து புதிய ரிங்கும் வால்வு சீலும் போட்டதே போதுமானதாயிற்று. சுவர் கோணலாகத் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட வேண்டும், செலவு எகிறும். எனவே சிலிண்டர் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களையும் கேட்டுப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சின் ஆறியபின் எண்ணெய் அளவைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பேரிங்கும் போய்விடலாம். பிறகு ரிங் செலவோடு முடியாது.