தேயும் புல்தரை

டென்னிஸ் ஆடப்பெறும் தரைகளுள் உயிருள்ளது புல்தரை ஒன்றே. களிமண் தரையைக் கூட்டிச் சமன்செய்யலாம். சிமெண்டுத் தளத்தைக் கழுவிவிடலாம். புல்லோ வளரும், வாடும், மிதிபட்டு மடியும். ஆதலின் விம்பிள்டனில் முதல் நாள் ஆட்டமும் பதினான்காம் நாள் ஆட்டமும் ஒரே தரையில் நிகழ்வன என்று கூறுதல் அரிது.

போட்டி தொடங்கும்போது, 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பெற்ற புல் ஈரப்பசையோடு செழித்திருக்கும். அதன்மேல் விழும் பந்து தரையைப் பற்றாமல் வழுக்கித் தாழ்ந்து பாய்கிறது. வழுக்குவது பந்து மட்டுமன்று. 2021ஆம் ஆண்டுப் போட்டியின் இரண்டாம் நாள், மைய அரங்கில் பிரெஞ்சு வீரர் மன்னாரினோ சறுக்கி விழுந்து ஆட்டத்தினின்று விலகினார். அடுத்து அதே தரையில் ஆடிய செரீனா வில்லியம்சும் காலில் காயமுற்று முதல் சுற்றிலேயே வெளியேற நேர்ந்தது. இவ்விபத்துகள் தொடக்க நாட்களில் நேர்ந்தமை வியப்பன்று.

நாட்கள் செல்லச் செல்ல மேல்மண் உலர்ந்து இறுகுகிறது. பந்து சற்று உயர்ந்து எழும்புகிறது. கால் ஊன்றி நிற்கிறது. ஆனால் பின் எல்லைக்கோட்டருகே வேறொரு மாறுதல் நிகழ்கிறது. புல்லின் நுனியை வெட்டினால் அது மீண்டும் வளரும். ஏனெனில் வளரும் முனை அடித்தண்டில், மண்ணை ஒட்டி இருக்கிறது. காலணியின் உரசல் அம்முனையையே பெயர்த்துவிடுமாயின் இரு வாரங்களுள் மறுதளிர்ப்புக்கு இடமில்லை. பசுமை போய்ப் பழுப்பு வருகிறது. பின் வெறும் மண்ணும் புழுதியும். புல்லும் மண்ணும் கலந்த அவ்விளிம்பில் விழும் பந்து எப்படித் திரும்பும் என்று தேர்ந்த வீரரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

தேய்வின் வடிவமே ஆட்டத்தின் வரலாற்றைக் காட்டும். சர்வீஸ் அடித்தவுடன் வலையை நோக்கி ஓடுவது வழக்கமாயிருந்த காலத்தில், பின்கோட்டிலிருந்து நடுவழியே ஒரு பாதை தேய்ந்து கிடந்தது. 2001 முதல் அங்கே ரைப்புல் மட்டுமே விதைக்கப்படுகிறது. அதற்குமுன் நூற்றுக்கு 30 பங்கு ஃபெஸ்க்யூ என்னும் மென்புல் கலந்திருந்தது. ரைப்புல் உரமானது, பந்தும் அதில் ஒழுங்காக எழும்புகிறது. மறு ஆண்டின் இறுதியாட்டத்தில் மோதிய ஹியூவிட், நல்பாண்டியன் இருவருமே பின்கோட்டில் நின்று ஆடுபவர்கள். இன்று வலையருகே புல் பெரும்பாலும் பசுமையாகவே இருக்கிறது; தேய்வு பின்கோட்டை ஒட்டிய இரு பட்டைகளாகச் சுருங்கிவிட்டது. நுட்பமான வலையாட்டத்தை விரும்பும் என் போன்றோர்க்கு அது சிறிது வருத்தமே.

தரை காப்போரின் பாடு எளிதன்று. நீர் வார்த்தால் புல் பிழைக்கும், வீரர் வழுக்குவர். வாராவிடில் தரை உறுதியாகும், புல் சாகும். முன்னாளில் நடு ஞாயிறு ஓய்வுநாளாதலால் புல்லுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. 2022 முதல் அன்றும் ஆட்டம் உண்டு.

1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை சென்ற நம் இராமநாதன் கிருஷ்ணன், அப்புல்தரையின் இரு வார மாறுதல்களையும் காலால் உணர்ந்தவர். 1966 டிசம்பரில் அவர் பிரேசிலின் கோச்சை வென்று டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியாவை இட்டுச்சென்றதும் கல்கத்தாவின் புல்தரையிலேதான். நம் நாட்டில் இத்தரைகளுக்கு அருகம்புல் இனம் பயன்படுவதுண்டு. ரைப்புல் தூறு தூறாக நிற்பது. அருகோ கணுதோறும் வேர்விட்டுப் படர்ந்து, பெயர்ந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் குளிர்காலத்தில் அதன் வளர்ச்சி மந்தப்படும். வடநாட்டிலும் வங்கத்திலும் டென்னிஸுக்கு ஏற்ற பருவமோ அதுவேதான்.