காயம்படாத சாட்சிகள்

2025 ஜூன் 12 மதியம், அகமதாபாத்திலிருந்து லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ஒரு நிமிடம்கூடப் பறக்கவில்லை. பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதி வளாகத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் 19 பேர் இறந்தார்கள். பணியிடத்திலிருந்தே அந்த நெருப்பைப் பார்த்தவர்களும் உண்டு. உடம்பில் ஒரு கீறலும் இல்லாததால் இவர்களை நலம் விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உடம்பு காட்டுவது

கண்ணை மூடினால் அதே காட்சி, தூக்கமின்மை, படபடப்பு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது. சிலருக்கு அழுகையே வராது. எல்லாம் யாருக்கோ நடந்ததுபோல மரத்துப்போயிருக்கும். விமான நிலையத்தருகே வேலை செய்பவர்களுக்குச் சிரமம் இன்னும் அதிகம். தலைக்கு மேலே அடுத்த விமானம் போய்க்கொண்டேதானே இருக்கிறது! முதல் சில வாரங்களில் இதெல்லாம் இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும்.

தோண்டிக் கேட்காதீர்கள்

'மனசில் இருப்பதைக் கொட்டிவிடு' என்று நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் நடந்ததை ஒரே அமர்வில் எல்லோரையும் விவரிக்கவைப்பது பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. கூட இருங்கள், சாப்பிட வையுங்கள், வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். தூக்கத்துக்கு மதுவோ, தாமாக வாங்கிய மாத்திரையோ வேண்டவே வேண்டாம்.

வீடியோவை மூடுங்கள்

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், நேரில் இருந்தவர்களைவிட, அந்தச் செய்திகளை நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்களிடம் கடும் மனஅழுத்தம் அதிகம் தெரிந்தது. நேரில் பார்த்தவரே வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும்? அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிராதிருப்பதும் ஒரு முதலுதவிதான்.

ஒரு மாதம் தாண்டினால்

ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவுகளும் பதற்றமும் தொடர்ந்தால், விபத்து நடந்த பக்கம் போகவே பயந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே பயன்தரும் உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். மேலதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஜன்னலோர இருக்கையை மாற்றித் தரச் சொல்லி ஒருவர் கேட்டால், காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.