உரித்த தகடும் பூசிய படலமும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஒரகடம், அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர். ஏரிப்பாசன வயல்களுக்கு நடுவே போன சாலையில் இன்று ஷிஃப்ட் நேரத்துக்குக் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டுகின்றன. கார், பைக், செல்போன் என்று பெரிய சரக்கைப் பற்றித்தான் பேச்சு. கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலங்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

அந்தக் காலத்தில் மெல்லிய படிகம் என்றால் மைக்கா, நம்மூர்க் காக்காப்பொன். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், கூடூர்ப் பக்கம் தோண்டினார்கள். சிலிக்கான், அலுமினியம், ஆக்ஸிஜன் சேர்ந்த அடுக்குகளைப் பொட்டாசியம் லேசாகத்தான் பிடித்திருக்கும். ஓரத்தில் கத்தி முனையைச் செருகினால் வாழைப்பட்டை மாதிரி கழன்று வரும். உரித்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் நிறைய. அந்த வேலைக்குக் கிடைத்த கூலியை வைத்து யாரும் அந்தக் காலத்தைப் புகழ வேண்டாம். பழைய இஸ்திரிப்பெட்டியைப் பிரித்தால் நிக்ரோம் பட்டை சுற்றியிருப்பது அந்தத் தகட்டின் மேல்தான். அதையே சுமார் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு உரித்தால், நேர்கோட்டில் அதிரும் ஒளியை வட்டமாக அதிரவைக்கும் கால் அலைத் தகடு. உரித்த மைக்காவின் கீற்றுகளில் மினுங்கும் நிறங்களை 1910-களின் கடைசியில் கல்கத்தாவில் சி. வி. ராமனும் பி. என். கோஷும் ஆராய்ந்தார்கள். ஒரு தகட்டில் கனம் சட்டென்று மாறும் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் வரும் நிறம் அது.

2000-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. வெயிலைத் திருப்பும் கட்டடக் கண்ணாடிக்கு உரிப்பது கிடையாது. வெற்றிடத்தில் வெள்ளியையும் ஆக்ஸைடையும் நானோமீட்டர் கணக்கில் மாற்றி மாற்றிப் படியவைப்பதுதான் முறை. சதுர மீட்டர் கணக்கில் செய்யலாம். ஆனால் மைக்காவின் அணு ஒழுங்கு பூச்சில் வராது.

அந்த ஒழுங்கைத் தேடித்தான் ஆய்வகங்கள் மறுபடி உரிக்கத் தொடங்கியிருக்கின்றன. இப்போது பெயர் மாலிப்டினம் ட்ரைஆக்ஸைடு. பொடியைக் குழாய் உலையில் சூடாக்கினால் ஆவியாகி, குளிர்ந்த பக்கத்தில் கண்ணாடி போலத் தெரியும் படிகப் பட்டைகளாகப் படியும். அதை டேப்பில் ஒட்டி ஒட்டிப் பிரிக்கிறார்கள். ஓர் அடுக்கு சுமார் 0.7 நானோமீட்டர். இந்தப் படிகத்தில் அகச்சிவப்பு ஒளி தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கி, ஒரு திசையில் ஒரு விதமாகவும் குறுக்கே வேறு விதமாகவும் ஓடுகிறது என்று 2018-ல் காட்டினார்கள். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பி வைத்தால், அந்த ஒளி விரியாமல் நேர்கோட்டில் போகும் என்பது 2020-இல் தெரிந்தது.

படிகம் வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ப்பு மையம் 1982 முதல் இருக்கிறது. சிக்கல் பரப்பளவில். உள்ளங்கை அகலத்துக்குக் கிடைத்தது மைக்கா. டேப்பில் வரும் நல்ல துண்டோ பெரும்பாலும் தலைமுடியின் கனத்தைத் தாண்டுவதில்லை. ஒரகடம் மாதிரி இடத்துத் தொழிற்சாலைக்கு வேண்டியதோ, சில்லு செய்யும் வட்டத் தகடான வேஃபர் முழுக்க ஒரே கனம், ஒரே திசை.