பழைய கலியாணக் கசெற்றை பிளேஸ்டேஷனில் பார்ப்பது எப்படி?

1990 இலும் 1991 இலும் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டவர்களில் சிலர் காணி உறுதி, அடையாள அட்டை, நகையுடன் கலியாண வீடியோக் கசெற்றையும் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். இன்று அதில் தெரிவது மாப்பிள்ளை பொம்பிளை மட்டுமல்ல. இடிந்துபோன வீட்டின் விறாந்தை, பிறகு காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் பந்தியில் பரிமாறும் காட்சி, நயினாதீவுக்குப் போகும் வள்ளம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் அவற்றுக்குப் படம் இல்லாத குடும்பங்கள் உண்டு.

இலங்கையில் பதிவான கசெற்றுகள் பெரும்பாலும் பால் முறை. கனடாவின் டெக்குகள் என்ரிஎஸ்சி முறை. அதனால் ரொறன்ரோ போய்ச் சேர்ந்த எத்தனையோ கசெற்றுகள் அலுமாரியிலேயே கிடந்தன. கணினிக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மாற்றிய கோப்பைப் பேரப்பிள்ளையின் பிளேஸ்டேஷன் 3 இல் போட்டால், 'ஆதரிக்கப்படாத தரவு' என்ற கருத்தில் ஒரு செய்தி வரும். பழுது கொன்சோலில் இல்லை, கோப்பைக் கட்டிய விதத்தில்தான்.

முதலாவது உறை. பிளேஸ்டேஷன் 3 எம்கேவி கோப்பைத் திறக்காது, எம்பி4 வேண்டும். உள்ளே இருப்பது எச்.264 படமும் ஏஏசி ஒலியுமாக இருந்தால், மறுபடி குறியாக்கம் செய்யாமல் உறையை மட்டும் மாற்றலாம். தரம் துளியும் குறையாது. எச்.265 சிறிய கோப்பைத் தரும் என்று ஆசைப்பட வேண்டாம். பிளேஸ்டேஷன் 3, 4 இரண்டிலும் அது ஓடாது.

அடுத்தது பென்ட்ரைவ். பிளேஸ்டேஷன் 3 ஃபாட்32 முறையை மட்டுமே வாசிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்று மணிநேரக் கசெற்றை வினாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் குறியாக்கினால் ஏறத்தாழ 4 ஜிபி வந்துவிடும். ஆகவே 2 மெகாபிட் அளவில் வையுங்கள், அல்லது தாலிகட்டுவரை ஒன்று, பந்தி தொடங்கி மற்றொன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். பிளேஸ்டேஷன் 4 இல் எக்ஸ்ஃபாட் முறையும் எம்கேவியும் செல்லும்.

அதிகம் பேர் தவறவிடுவது பின்னல் கோடு. பால் படம் வினாடிக்கு 25 பிரேம். ஒவ்வொரு பிரேமும் இரண்டு அரைப்படங்களாகப் பதிவாகியிருக்கும். அப்படியே மாற்றினால் மேளக்காரரின் கை சீப்புப் பல்லாகத் தெரியும். இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் 'டீகோம்ப்' வடிகட்டியில் 'பாப்' தெரிவைப் போட்டு, பிரேம் வேகத்தை 50 ஆக வையுங்கள். அசைவு கசெற்றில் இருந்ததுபோலவே வழுக்கிக்கொண்டு போகும்.

மற்றவை சுருக்கமாக: எச்.264 ஹை புரொஃபைல், லெவல் 4.1, தர எண் 19 அல்லது 20, ஒலி ஏஏசி 160 கிலோபிட். 4:3 வடிவத்தை விடாதீர்கள். அகலத்திரைக்கு இழுத்தால் அம்மம்மா குள்ளமாகிவிடுவா. 1080 ஆகப் பெரிதாக்குவதும் வீண். கசெற்றில் இல்லாத விபரம் எந்த எண்ணாலும் வராது.

இவை எல்லாம் பார்ப்பதற்கான பிரதிக்கு மட்டும். கசெற்றிலிருந்து முதலில் எடுத்த பெரிய கோப்பை அழிக்காமல் இரண்டு தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். கடற்காற்றில் கிடந்த கசெற்றின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போட வேண்டாம். நாடாவும் கிழியும், டெக்கின் தலையும் அழுக்காகும்.

நெடுந்தீவில் இருப்பவருக்குப் பிரதி அனுப்புவதானால் கொன்சோல் தேவையில்லை.  தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலேயே இந்த எம்பி4 பெரும்பாலும் ஓடும். முழுக் கசெற்றையும் குறியாக்க இரவெல்லாம் கணினியை ஓடவிடுமுன், ஆட்கள் அதிகம் அசையும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிக் குறியாக்கி அனுப்பிப் பாருங்கள்.