பழுதை அறிதலின் விலை

நெய்வேலி நகரியத்தின் மரம் செறிந்த சாலைகளில் காலை வேளையில் வரும் வண்டியை அதன் ஓசையைக் கொண்டே அறிந்துவிடலாம். அண்மையில் அப்படிப் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது, 2005-இல் நான் வாங்கிய மாருதி 800. முன்பகுதியிலிருந்து எழுந்த 'கரகர' ஓசை, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உயர்ந்தது.

முதலில் சென்ற பணிமனையில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றனர். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். மனம் ஒப்பாமல், மந்தாரக்குப்பத்தில் மரத்தடியில் தொழில் செய்யும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அடுத்த அரைமணி நேரம் அவர் செய்தவற்றை, ஆய்வு நெறிமுறை பற்றிய ஒரு பாடமாகவே கருதுகிறேன்.

வண்டி நிற்கும்போதும் ஓசை இருப்பதால் சக்கரங்களை விலக்கினார். கிளட்சை மிதித்தும் விட்டும் பார்த்தார். மாற்றமில்லை, கியர் பெட்டி மீதான ஐயம் குறைந்தது. பின்பு நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினின் ஒவ்வொரு பகுதியிலும் வைத்து, பிடியைக் காதருகே அழுத்திக் கேட்டார். 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் இதய ஒலியைக் கேட்டாரே, அதே உத்திதான். இறுதியாக ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓட்டினார். ஓசை நின்றுவிட்டது. “எஞ்சின் மேல தப்பே இல்ல சார், பேரிங்தான் போயிருக்கு” என்றார். ஆல்டர்னேட்டரின் பேரிங்கை மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆனது.

எஞ்சின் ஓசைகளுக்குத் தனித்தனி இயல்புகள் உண்டு. மெல்லிய 'டிக் டிக்' ஒலி எஞ்சின் வேகத்தில் பாதி அளவில் கேட்டால், அது பெரும்பாலும் வால்வு இடைவெளி கூடியதால் வருவது. வால்வுகளை இயக்கும் தண்டு பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. மேடு ஏறும்போது மட்டும் எழும் உலோகக் கலகலப்பு, எரிபொருள் தாறுமாறாக எரிவதன் அடையாளம். அடியாழத்திலிருந்து வரும் கனத்த 'டொக் டொக்' ஒலிதான் அஞ்சத்தக்கது. பிஸ்டன் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். ஸ்பார்க் பிளக் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்க்கையில் எதைத் துண்டித்தால் ஒலி தணிகிறதோ, பழுது அந்த சிலிண்டரில் இருக்கலாம். அத்தகைய வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

இவையெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அறிவின் இந்த ஏற்றத்தாழ்வைத்தான் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த அக்கட்டுரையின் கருத்துக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1973-இல் டார்பி, கார்னி ஆகிய இருவர் இன்னும் ஒரு படி சென்றனர். வாங்கிப் பயன்படுத்திய பின்னரும் தேவையா, தேவையற்றதா என்று நுகர்வோரால் கண்டறிய இயலாத சேவைகளை அவர்கள் 'நம்பிக்கைப் பண்டங்கள்' என வகைப்படுத்தினர். வாகனப் பழுதுநீக்கம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது பேரிங்கையும் மாற்றியிருந்தால் ஓசை நின்றிருக்கும். நானும் நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்திருப்பேன்!

பழுதைக் கண்டறிபவரே பழுதை நீக்கி வருவாய் ஈட்டுபவராகவும் இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். நோயறிதலுக்கு நாம் விலை கொடுப்பதில்லை. உதிரிபாகத்துக்கும் உழைப்புக்குமே கொடுக்கிறோம். ஆகவே நேர்மையாகக் கண்டறிபவர் குறைவாக ஈட்டுகிறார். மிகைப்படுத்துபவர் மிகுதியாக ஈட்டுகிறார். அந்த முதியவர் அரைமணி நேர ஆய்வுக்குக் கூலி எதுவும் கேட்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்தபோது, “இதுக்கெல்லாமா காசு?” என்று தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு நம் அனைவருக்கும் பொறுப்புண்டு.

நுகர்வோர் செய்யக்கூடியவை எளியவை. ஓசை எப்போது எழுகிறது, குளிர்ந்த நிலையிலா சூடான பின்பா என்பதைக் குறித்துக்கொள்ளலாம். பெருஞ்செலவுக்கு ஒப்புமுன் இரண்டாவது கருத்தைக் கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதைக் கண்டறிவதற்கெனத் தனியே ஊதியம் தரலாம்.

அரசுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 15 ஆண்டுகள் கடந்த தனியார் காரைத் தகுதிச் சோதனைக்குப் பின் பதிவு புதுப்பித்து ஓட்ட நம் சட்டம் இடமளிக்கிறது. வயதை மட்டும் பார்த்து ஒதுக்காமல் நிலையைச் சோதித்து முடிவெடுக்கும் இந்த அணுகுமுறையே சரியானது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2020 வரை இயங்கியது. இடைவிடாத கண்காணிப்பும் பராமரிப்பும் இன்றி எந்த எந்திரமும் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. சோதனை நேர்மையாக நடக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

என் வண்டி இப்போது அமைதியாக ஓடுகிறது. மந்தாரக்குப்பத்து மரத்தடியில் அவரிடம் தொழில் கற்க இளைஞர் எவரும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கேட்டறியும் திறனுக்கு விலை வைக்காத சமூகம், ஒரு நாள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தே அறிய வேண்டியிருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).